சுமைதாங்கி எங்கே?

சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு நின்ற இளைஞர் என் பையிலிருந்து அதை வெளியே எடுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கறுப்பு நிறம். மார்பில் அலுமினியத் தகடு, தோளுக்கும் இடுப்புக்கும் தடித்த பஞ்சுப் பட்டைகள், சுற்றிலும் கொக்கிகள். "என்ன சார் இது, புல்லட் ப்ரூஃபா?" என்றார். கேமரா மாட்டிக்கொள்ளும் வெஸ்ட் என்றேன். "கேமராவைக் கழுத்துலதானே மாட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு பேட்டரிகளைக் கையில் எடுத்தார். ஒவ்வொன்றிலும் 98 வாட்-ஹவர் என்று அச்சாகியிருந்தது. நூறு வரை இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம். நூறுக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் பயணி கையில் கொண்டுபோக வழியே கிடையாது. உதிரி லித்தியம் பேட்டரியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் லக்கேஜில் போட்டு அனுப்பக் கூடாது. முனைகளில் நான் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. போங்க என்று கையைக் காட்டினார்.

இது 2019 அக்டோபரில். நான் திருச்சிக்காரன், கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். அக்கா மகன் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஆர்ட்மோர் என்ற ஊரில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். போனது ஒரு படிக்கட்டைப் பார்ப்பதற்கும், என் தாடையில் இருக்கும் தழும்புக்குக் கணக்குத் தீர்ப்பதற்கும்.

தழும்பின் கதை சின்னது. சில வருஷங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் பெரிய இடத்துக் கல்யாணம். சினிமா மாதிரி வேண்டும் என்றார்கள். கேமராவை உடம்பில் மாட்டிக்கொண்டு குலுங்காமல் நடக்க உதவும் ஸ்டெடிகேம் செட் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். யூடியூபில் இரண்டு ராத்திரி பார்த்ததுதான் பயிற்சி. மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் நடந்தேன், நன்றாகத்தான் வந்தது. முடிந்ததும் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. சாப்பாட்டுப் பந்தியைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "தம்பி, கேமராவை அப்படியே மேலே தூக்கி எடுத்துரு" என்றேன். உதவிப் பையன் தூக்கினான். வெஸ்ட்டிலிருந்து நீண்டு பத்துப் பதினைந்து கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் கை, சுமை போன அடுத்த நொடி விடுதலை பெற்றதுபோல் மேலே பாய்ந்து என் தாடையில் இறங்கியது. நான்கு தையல். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில், ஓரமாக, ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு நானும் இருக்கிறேன்.

ஆர்ட்மோரிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் முப்பதாம் தெரு நிலையம். உள்ளே நுழைந்தால் கோயில் பிராகாரம் போன்ற உயரமான கூடம். அதன் ஒரு கோடியில் வெண்கலத்தில் ஒரு தேவதூதர், 39 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,307 பென்சில்வேனியா ரயில்வே ஊழியர்களின் நினைவாக வால்க்கர் ஹேன்காக் வடித்தது, 1952-இல் திறந்தார்கள். இறந்துபோன ஒரு படைவீரனை அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தீயிலிருந்து மேலே தூக்குகிறார் தூதர். வீரனின் தலை சரிந்திருக்கிறது, கைகள் தொங்குகின்றன. ரயிலுக்கு ஓடும் கூட்டத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். துக்கமான சிலைதான். ஆனாலும் தொழில் புத்தி போகுமா? உயிரில்லாத எடையை உடம்புக்கு முன்னால் பிடித்து, முதுகை நேராக வைத்துத் தூக்குகிறாரே, இடுப்பு என்னாகும் என்று நினைத்தேன். அவருக்குச் சிறகு இருக்கிறது.

நிலையத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தேன். அந்த ஆற்றின் பெயரை எழுத்துப்படி வாசித்தால் யாருக்கும் புரியாது, 'ஸ்கூகில்' என்கிறார்கள். மரங்கள் சிவந்தும் பழுத்தும் நின்றன. அரை மணி நடந்தால் மேட்டின் மேல் கலை அருங்காட்சியகம், மஞ்சள் நிறக் கல்லில் கிரேக்கக் கோயில் மாதிரி. அதற்கு முன்னால் அந்தப் படிக்கட்டு. 72 படி.

'ராக்கி' படம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: கசாப்புக் கிடங்கில் மாட்டிறைச்சியைக் குத்திப் பழகும் ஏழைக் குத்துச்சண்டைக்காரன் ஒருவன் இந்தப் படிகளில் ஓடி ஏறி மேலே நின்று கைகளை உயர்த்துகிறான். 1976-இல் வந்த படம். கீழே வலப்பக்கம் மரங்களுக்கிடையில் அப்போது இருந்தது ராக்கியின் வெண்கலச் சிலை, மூன்றாம் பாகத்துக்காக ஸ்டலோன் செய்யச் சொன்னது. அதன் முன் படம் எடுத்துக்கொள்ள வரிசை. படிகளில் பாட்டிமார், பள்ளிப் பிள்ளைகள், கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, எல்லோரும் ஏறுகிறார்கள், மேலே போய்க் கைகளை உயர்த்துகிறார்கள். ராக்கிக்குப் பின்னால் அதே படிகளில் எடையைச் சுமந்துகொண்டு ஏறியவரை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. அவருக்கு வெண்கலம் வார்க்கவும் இல்லை.

அவர் பெயர் கேரட் பிரவுன், இதே ஃபிலடெல்ஃபியாக்காரர். கேமராவைக் கையில் பிடித்து நடந்தால் படம் குலுங்கும். குலுங்காமல் இருக்கத் தண்டவாளம் போட்டு ட்ராலியில் வைக்க வேண்டும். தண்டவாளத்தை மாடிப்படியில் போட முடியாது. 1970-களின் தொடக்கத்தில் அவர் இதையே போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். குழாயின் நுனியில் கேமராவைக் கட்டினார், எடையைப் பிரித்துத் தொங்கவிட்டார், கடைசியில் ஒரு மோட்டலில் அறை எடுத்துப் பல நாள் அடைந்துகிடந்து ஸ்டெடிகேமின் வடிவத்தைக் கண்டுபிடித்தார். ஒரு மாதிரிப் படச்சுருளும் எடுத்தார். அதில் ஒரு காட்சியில் அவருடைய தோழி (பின்னாளில் மனைவி) இந்தப் படிகளில் இறங்கி மறுபடி ஏறி ஓடுகிறார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் ஆவில்ட்சன், அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். அப்படித்தான் ராக்கி இங்கே வந்து சேர்ந்தான். முதலில் கருவி வந்து ஏறிய படிக்கட்டு இது, கதாநாயகன் பின்னால் வந்தவன். 1978-இல் கருவிக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

அன்று கையில் ஒன்றுமில்லாமல் 72 படியும் ஏறினேன். மூச்சு வாங்கியது. மறுநாள் நான் சேர்ந்திருந்த ஸ்டெடிகேம் பயிற்சி.

வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், பள்ளி விளையாட்டு அரங்கம் மாதிரி மரத்தரை. மாணவர்கள் நாலு பேர். ஆசிரியை ஐந்தடி இருந்தால் அதிகம். வயது அறுபதுக்குப் பக்கம். முப்பது வருஷமாக இதைச் சுமந்தவர் என்று சொன்னால் நம்ப முடியாது. ஆஜானுபாகுவான ஆளை எதிர்பார்த்துப் போனவன் நான். முதல் அரை நாள் கேமராவையே கண்ணில் காட்டவில்லை. பைகளைக் காலி பண்ணச் சொன்னார்: சாவி, போன், பேனா, பெல்ட், எல்லாம் மேசைக்குப் போனது. வெஸ்ட்டுக்கு அடியில் அகப்படும் சாவி பத்து நிமிஷத்தில் இடுப்பெலும்பில் இறங்கிவிடுமாம். ஷூ நாடாவின் நுனியை உள்ளே செருகச் சொன்னார்.

பிறகு வெஸ்ட். நான் இத்தனை நாளாகத் தோளில் மாட்டி, தோள் பட்டையை முதலில் இழுத்து, அப்புறம் மற்றதையெல்லாம் இறுக்கி வந்தேன், பள்ளிக்கூடப் பையை மாட்டுகிற மாதிரி. அவர் என் பட்டைகள் அத்தனையையும் தளர்த்திவிட்டார். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வைத்து, குனிந்து, அதைத்தான் முதலில் இறுக்கினார். அடுத்து மார்பு. "மூச்சை நிறைய இழுங்க" என்று சொல்லி, நெஞ்சு விரிந்திருக்கும்போது கொக்கியைப் போட்டார். மூச்சை விட்டு இறுக்கினால் பிறகு ஏறும்போது காற்றுக்குத் திண்டாட வேண்டும். தோள்பட்டை கடைசியில். அதற்கடியில் அவருடைய விரல் தாராளமாகப் போய் வந்தது. தோள் சும்மா இருக்கட்டும், வெஸ்ட் நழுவாமல் பிடித்துக்கொண்டால் போதும், எடை இடுப்பு வழியாகக் காலுக்குப் போக வேண்டும் என்றார். ஒவ்வொரு கல்யாண சீசன் முடிவிலும் எனக்குக் கழுத்தில் பிடித்துக்கொள்கிற வலிக்கு, திருச்சியில் எத்தனை தைலம் தடவியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

வெஸ்ட்டின் முன்புறம் ஸ்பிரிங் கை மாட்டும் இடத்தில் இரண்டு திருகுகள் உண்டு. நான் அவற்றைத் தொட்டதே இல்லை, அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒன்று கையைப் பக்கவாட்டில் சாய்க்கும், இன்னொன்று முன்பின்னாக. மனிதர்கள் யாரும் செங்குத்தாக நிற்பதில்லை. எனக்குத் தொப்பை இருக்கிறது, அதனால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நிற்கிறேன். அந்தச் சாய்வுக்குத் தக்கபடி திருகைத் திருப்பி, கேமரா முழு எடையோடு என் இடப்பக்கம் தொங்கும்போது இரண்டு கையையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். கேமரா நின்ற இடத்தில் நின்றது. என்னைவிட்டு ஓடவுமில்லை, என் மேல் சாயவுமில்லை. என் வாழ்நாளில் அந்தக் கருவி எனக்கு அடங்கி நின்றது அதுதான் முதல் தடவை. திருகு கால் சுற்று தப்பினாலும், ஓடுகிற கேமராவை நாள் முழுவதும் கை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த இழுவை முதுகில் போய் உட்காரும். கேமரா உடம்பைவிட்டு ஒரு சாண் இருந்தால் ஒரு பங்கு இழுவை, இரண்டு சாண் என்றால் இரண்டு பங்கு. தராசுக்கோல் கணக்குத்தான்.

கேமராவைத் தாங்கும் கம்பத்தையும் அப்படித்தான் நிறுக்கிறார்கள். மேலே கேமரா, கீழே பேட்டரியும் மானிட்டரும், நடுவே விரல் பட்டாலே திரும்பும் கிம்பல். கம்பத்தைப் படுக்கை வாட்டில் பிடித்துக் கையை விட்டால் மெல்ல ஆடி நிமிர வேண்டும். அதற்கு இரண்டரை மூன்று நொடி ஆனால் சரி. சட்டென்று நிமிர்ந்தால் அடி கனம். அப்படிப்பட்ட கம்பம் நடக்கும்போது ஊஞ்சல் ஆடும். நிமிரவே மாட்டேன் என்று படுத்துக்கொண்டால் தலை கனம், எந்த நொடியிலும் குப்புறக் கவிழும். நிமிர்ந்த கம்பத்தைக் கட்டை விரலும் இரண்டு விரலும் வைத்துத் தொட வேண்டும், பிடிக்கக் கூடாது. முட்டை ஓட்டைத் தொடுகிற மாதிரி என்றார். மற்றொரு கை கிம்பலின் கைப்பிடியில். அந்தக் கைதான் கேமரா போகும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங் கையின் கம்பிகளுக்கு நடுவே விரலை மட்டும் கனவிலும் விடக் கூடாது. கை மடங்கும்போது அது பாக்குவெட்டி.

நடை பழகினோம். தரையில் நேர்கோடாக டேப், எதிர்ச்சுவரில் ஒரு சிலுவைக் குறி. மானிட்டரின் நடுப்புள்ளி அந்தச் சிலுவையைவிட்டு விலகாமல் கோட்டின் மேல் போக வேண்டும், வர வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், குதிகாலிலிருந்து விரல்வரை பாதம் உருள வேண்டும். எனக்கு எங்கள் ஊர்க் கோயிலில் நம்பெருமாளைச் சுமந்து வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நினைவு வந்தது. சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடைக்கு நடை பெயர் வைத்து, தோளில் அவ்வளவு எடையோடு அவர்கள் நடக்க, மேலே இருக்கும் பெருமாள் அசையாமல் வருவார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பார்த்த எனக்கு அவர்கள் கால்களைப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

முதல் நாள் மத்தியானம், டேப் கோட்டில் முப்பது தடவை போய்வந்த பிறகு, ஆசிரியையிடம் ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டு நின்றேன், கேமரா உடம்பில் தொங்கத் தொங்க. அவர் பதில் சொல்லவில்லை. ஸ்டாண்டைக் காட்டினார். முதலில் இறக்கு, பிறகு பேசு. இதில்தான் ஆட்கள் கெட்டுப்போகிறார்கள் என்றார். ஷாட் எடுக்கும்போது யாருக்கும் முதுகு போவதில்லையாம். டைரக்டர் யோசிக்கும்போது, லைட் மாற்றும்போது, நடிகைக்குத் தலை சீவும்போது, 'இதோ ஒரு நிமிஷம்' என்பதை நம்பி இருபது இருபத்தைந்து கிலோவோடு நிற்கிறார்களே, அப்போதுதான்.

அந்த ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனமான கால்கள், அடியில் மணல் மூட்டை, நெஞ்சு உயரத்தில் ஒரு கவை. கம்பம் அந்தக் கவையில் தொங்கும். தரையில் வைக்கவும் கூடாது, இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. கேமராவை ஏற்றும்போது வெஸ்ட்டும் ஸ்பிரிங் கையுமாக ஸ்டாண்டை ஒட்டி வந்து நின்று, முழங்காலை மடக்கி, கையின் முனையைக் கிம்பல் பிடிக்குள் செருகி, திருகை இறுக்கி, காலால் எழுந்து தூக்க வேண்டும். இறக்கும்போது கம்பத்தைக் கவையில் தொங்கவிட்டு, பூட்டு விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்து, அதன் பிறகே திருகைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும் முன் இன்னொரு கையால் ஸ்பிரிங் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலை மடக்கிக் கீழே நழுவி, அதை மெல்ல, மெல்ல மேலே போகவிட வேண்டும். நான் தாடையைத் தடவிக்கொண்டேன். அவர் கவனித்துவிட்டார். கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது என்று தன் கட்டை விரல் நகத்தைக் காட்டினார். அது பாதியில் பிளந்து வளர்ந்திருந்தது.

எங்கள் ஊரிலும் இது உண்டு என்றேன். பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே சுமையை அதன் மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம், தானே எடுத்துக்கொண்டும் போகலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை அவை, இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவர்களுக்காக. அதன் பெயர் கேட்டார். சுமைதாங்கி என்றேன். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்து 'சூமாட்டாங்கி'யில் நிலைத்தார். அதன் பிறகு இரண்டு நாளும் அவர் வாயில் அந்தச் சொல்தான். யாராவது வெஸ்ட்டின் கொக்கியில் கை வைத்தாலே போதும், "சூமாட்டாங்கி எங்கே?" என்பார். வகுப்பில் கனடாவிலிருந்து வந்த பையனும் அதையே சொல்ல ஆரம்பித்தான்.

இரவில் மருமகன் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் 'ரஷ்யன் ஆர்க்' பார்த்திருக்கிறான். 2001 டிசம்பர் 23-ஆம் தேதி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மாளிகையில், ஒன்றரை மணி நேரப் படத்தை ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். சுமந்தவர் டில்மன் பியூட்னர். மூன்று தடவை தொடங்கி நிறுத்தி, நாலாவதில் முடிந்தது. அறை அறையாக, கூட்டம் கூட்டமாக, வழியில் ஒரு சுமைதாங்கியும் கிடையாது. "நீங்களும் கல்யாணத்தை ஒரே ஷாட்ல எடுங்களேன் மாமா" என்றான். சாப்பிடுடா என்றேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய ஷாட் ஒன்று. 'பௌண்ட் ஃபார் குளோரி', அதுவும் 1976. கேரட் பிரவுன் கேமராவை மாட்டிக்கொண்டு கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். கிரேன் கீழே இறங்குகிறது. தரை தொட்டதும் எழுந்து, நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள் நிறைந்த அகதி முகாமுக்குள் நடந்து போகிறார். திரையில் பார்த்தால் பறவை ஒன்று இறங்கி மனிதனாக நடந்த மாதிரி இருக்கும். ஆசிரியை எங்களுக்கு அதைப் போட்டுக் காட்டி, திரையில் தெரியாததைக் கேட்டார்: அவர் எழுந்தபோது கிரேன் என்னவாயிற்று? யாருக்கும் தெரியவில்லை. கிரேன் ஒரு ஏற்றம். ஒரு பக்கம் ஆள், மறு பக்கம் அதற்கு ஈடான எடை. ஆள் சட்டென்று இறங்கினால் அந்த முனை வானத்துக்குப் பாயும். அதனால் அவர் இறங்குகிற நொடியில் அவர் எடைக்கு ஈடாக ஆட்கள் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும். என் தாடையில் இறங்கிய அதே விதி, பத்து மடங்கு பெரிதாக. கவிதை மாதிரி இருக்கும் ஷாட்டுக்குக் கீழே இப்படி யாராவது தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை படிக்கட்டுக்குப் போனோம். அனுமதிக் காகிதம் ஆசிரியையின் கோட்டுப் பையில். ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வந்தது, குளிர் காதைக் கடித்தது. மருமகனையும் கூட்டிப்போனேன். அவன் லீவு போட்டு வந்தது வேடிக்கை பார்க்க. ஆசிரியை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் 'ஸ்பாட்டர்' ஆக்கிவிட்டார். ஸ்பாட்டர் என்றால் முதுகுக்குக் கண். என் பார்வை மானிட்டரில் இருக்கும், என் பாதம் எங்கே விழுகிறது என்று அவன் பார்ப்பான். வெஸ்ட்டின் பின்பக்க இடுப்புப் பட்டையில் ஒரு கை. தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும். கேமராவையும் ஸ்பிரிங் கையையும் விழுந்தாலும் தொடக் கூடாது, என்னைத்தான் பிடிக்க வேண்டும். பேச்சு ஒரே சொல்லில்: 'படி', 'சமம்', 'நில்'. அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

முதலில் வெறும் ஆளாக இரண்டு தடவை ஏறினோம். எத்தனை படிக்கு ஒரு சமதளம் வருகிறது, எங்கே கல்லின் விளிம்பு தேய்ந்திருக்கிறது, எங்கே ஈரம் என்று பார்த்து வைத்தோம். இறங்கும் ஷாட் கேட்டேன். முடியாது என்றார் ஆசிரியை. பின்னோக்கிப் படி இறங்குவது பல வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முன்னால் நடந்துகொண்டே கேமராவைப் பின்பக்கம் திருப்பிப் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது, 'டான் ஹுவான்' என்பார்கள், யார் வைத்த குறும்போ. கால் முன்னால் பார்த்து நடக்கும், கேமரா மட்டும் பின்னால் வருபவரைப் பார்க்கும். அதையும் சமதரையில்தான் பழகவிட்டார். வெஸ்ட்டில் அவசரத்துக்கு இழுக்கும் ஒரு நாடா உண்டு, இழுத்தால் எல்லாம் கழன்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுக் காட்டச் சொன்னார். மூன்று தடவை.

வெஸ்ட்டை இறுக்கி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். முன்னால் ஓட வேண்டிய வகுப்புத் தோழி சாம்பல் நிற ஸ்வெட்டரில் தயாராகக் குதித்துக்கொண்டிருந்தாள். கேமராவில் கை வைத்தேன்.

"சூமாட்டாங்கி எங்கே?" என்றார் ஆசிரியை.

பக்கத்தில் இருந்த ஸ்டாண்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படிக்கட்டின் உச்சியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே தூண்கள் இருந்தன, ஆகாயம் இருந்தது. 72 படி ஏறி முடித்து, மூச்சு இரைக்க, கால் நடுங்க நான் நிற்கப்போகும் இடத்தில் இறக்கி வைக்க ஒன்றுமில்லை. நாலு தையல் போட்டுக்கொண்ட ஆள் நான். இரண்டு நாளாக அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவன். அதற்குத் தமிழ்ப் பெயர் கொடுத்தவனே நான்தான்.

மருமகன் ஒரு பெருமூச்சு விட்டான். வண்டியிலிருந்து இரண்டாவது ஸ்டாண்டை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். வைத்துவிட்டு வந்தான். மணல் மூட்டை இல்லாமல் ஸ்டாண்ட் மேலே நிற்காது, அங்கே காற்று அதிகம் என்றார் ஆசிரியை. மூட்டை பதினோரு கிலோ. அதையும் தூக்கிப் போனான்.

பிறகு ஏறினேன். முதல் இருபது படி ஒன்றும் தெரியவில்லை. காதில் 'படி, படி, சமம்' என்று ஆர்ட்மோர் சாஃப்ட்வேர்க்காரனின் குரல், திருச்சித் தமிழில். மானிட்டரில் சாம்பல் ஸ்வெட்டர் சட்டகத்தின் நடுவில் மிதந்தது. நான் குலுங்கிக் குலுங்கி ஏறுகிறேன், அவள் குலுங்கவில்லை. நாற்பதுக்கு மேல் தொடை எரிந்தது. பட்டைக்குள் நெஞ்சு விரிந்தது, இழுத்த மூச்சு முழுசாகக் கிடைத்தது. மேலே நெருங்க நெருங்கக் காற்று. மொத்தக் கருவியும் பாய்மரம் மாதிரி திரும்பப் பார்த்தது. ஆசிரியையின் உதவியாளர் பக்கத்தில் காற்றைத் தடுக்கக் கறுப்புத் துணி கட்டிய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறி வந்தும், கடைசி பத்துப் படியில் தொடுவானம் இடப்பக்கம் சரிந்ததைப் பார்த்துக்கொண்டே சரிசெய்ய முடியாமல் ஏறினேன். அவள் கைகளை உயர்த்தினாள். "நில்" என்றான் மருமகன். நின்றேன். நாலடியில் ஸ்டாண்ட். கவை, பூட்டு, ஆட்டிப் பார்த்தேன், ஸ்பிரிங் கையை அழுத்திப் பிடித்தேன், திருகைத் தளர்த்தினேன், முழங்காலை மடக்கினேன். கை மெல்ல மேலே போய் நின்றது. தாடைக்கு ஒரு சாண் தள்ளி.

ஷாட்டைப் போட்டுப் பார்த்தோம். கடைசி நாலு நொடி கோணல். மற்றது பரவாயில்லை என்றார் ஆசிரியை, அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. இன்னொரு டேக் போகலாமா என்று கேட்டேன்.

மருமகன் மேல்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, வரும் வழியில் வாங்கிய உப்புப் பிரெட்செலைக் கடித்துக்கொண்டிருந்தான். எதிரே மரச்சாலைக்கு அப்பால் நகரம் வெயிலில் மினுங்கியது.

"மாமா, ராக்கி எத்தனை தடவை ஏறினான்?"

"படத்துல ரெண்டு தடவை. முதல் தடவை முடியாம நொண்டிக்கிட்டே நிக்கறான், ரெண்டாவதுலதான் கையைத் தூக்கறான்."

"நான் அஞ்சு" என்றான். "இனிமே இந்த மூட்டையைக் கீழே கொண்டுபோகணும்."

ஸ்டாண்டை நான் தூக்கிக்கொண்டேன்.